பேச்சி அத்தை நீட்டிய கை

பேச்சி அத்தை இறந்துபோன செய்தியை மிளகாய் வத்தல் மண்டிக்குக் கொண்டுபோனவள் நான்தான். ஒருவரும் நம்பவில்லை.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. போன வருடம் இதே வத்தல் பருவத்தில் இதே வாசலில் வந்து நின்று, கலெக்டர் வருகிறார் என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு ஓடியவளும் நான்தான். சங்கரன்கோவில் கமிஷன் கடைகள் அத்தனையும் அன்று கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளிக்கப்பட்டன. கலெக்டர் வரவில்லை, கலெக்ட் ஆனது குப்பை மட்டும்தான். ஆகவே, திருவேங்கடம் பஸ் கண்டக்டர் எங்கள் தெருமுனையில் இறங்கித் துட்டிச் செய்தி சொல்லிவிட்டுப் போக, அம்மா என்னை மண்டிக்கு விரட்ட, நான் ஓடிவந்து, "பேச்சி அத்தை போயிட்டாவ" என்று சொன்னபோது, தரகர் ஆறுமுகம் அண்ணாச்சி வத்தல் குவியலிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"போன வருசம் கலெக்டரைக் கூட்டியாந்த. இந்த வருசம் எமனையா? போட்டி அங்கிட்டு."

முற்றத்தில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. என் அப்பா மாடசாமி அந்தக் கடையில் எடை போடுகிறவர். தராசில் ஏற்றிய மூடையை மறுபடி தரையில் இறக்கி வைத்தார்.

"சிரிக்காம அவளுக்குப் பொய் சொல்ல வராது அண்ணாச்சி" என்றார்.

அதன் பிறகுதான் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கிள்ளிய காம்புகளை மடியில் வைத்தபடியே பெண்கள் எழுந்து நின்றார்கள். ஆறுமுகம் அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்தார். எடுத்து என்ன செய்வது என்று தெரியாதவர் போலக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தத் துண்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதாவது, அத்தையைப் பற்றித்தான்.

மண்டி வாசலில் நடக்கப்போகும் இரங்கல் கூட்டத்துக்காக ஒரு சிறு மலர் அச்சடிக்கிறார்கள். எழுதுவதற்கு, ப்ளஸ் டூ பரீட்சை முடித்துவிட்டு ரிசல்ட்டுக்குப் பயந்து திரிகிற நான் கைக்கு அகப்பட்டேன். கேலி கிண்டல் இல்லாமல் எழுதச் சொல்லி அம்மா உத்தரவு. அத்தை இருந்தால் அந்த உத்தரவை முதல் வேலையாக ரத்து செய்திருப்பார்கள்.

பேச்சியம்மாள் என் அப்பாவுடன் பிறந்த அக்கா. திருவேங்கடத்துக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் ஊரில் வாழ்க்கைப்பட்டவர்கள். மாமா சீக்கிரமே காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. இருந்ததெல்லாம் மாமா விட்டுப்போன ஒரு துண்டு மானாவாரி நிலம். அதை ஒட்டி, ஒரே ஒரு வரப்புக்கு அந்தப் பக்கம், கொழுந்தனார் சுப்பையா மாமாவின் நிலம். சந்தை நாளில் அத்தை முதல் பஸ்ஸில் வந்து எங்கள் வீட்டில் காப்பி குடித்துவிட்டு மண்டிக்குப் போவார்கள். பெயர்தான் பேச்சி, பேச்சு என்னவோ கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் காரமாக இருக்கும்.

காரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நான் ஏழாவது படிக்கும்போது, மிட்டாய்த் தாளில் ஒரு வத்தலைச் சுற்றி முறுக்கி, "அத்தை, ஆரஞ்சு முட்டாயி" என்று கொடுத்தேன். அத்தை பிரித்தார்கள். பார்த்தார்கள். வாயில் போட்டுக் காம்பு வரை மென்று விழுங்கினார்கள். கண்ணில் ஒரு சொட்டுக்கூட இல்லை. "நம்ம வயக்காட்டுச் சரக்குதான். நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்து எனக்கு ஒரு நிஜ மிட்டாய் எடுத்துக் கொடுத்தார்கள். ஆசையாகப் பிரித்தேன். உள்ளே உப்புக்கல். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் நடுவில் மரியாதை வந்துவிட்டது.

அத்தை வெள்ளாமை செய்யும் விதத்தை ஊரில் பலர் கேலி செய்தார்கள். வத்தலுக்கு நல்ல விலை இருந்த காலம் அது. சுப்பையா மாமா உட்பட எல்லாரும் வரப்பு முதல் வரப்பு வரை மிளகாயே போட்டார்கள். விவசாய ஆபீசிலிருந்து வந்தவரும் அப்படித்தான் சொன்னார். அத்தை மட்டும் மிளகாய்க்கு நடுவே கம்பு, தட்டாம்பயறு, ஓரம் முழுக்க ஆமணக்கு என்று போட்டார்கள். கோடையில் காசு கொடுத்து உரமூடை வாங்குவதற்குப் பதிலாக ஆடு மேய்க்கும் கீதாரியைப் பிடித்து நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டார்கள். ஆடுகள் நிலத்தில் படுத்தெழுந்ததற்குக் கூலியாகக் கீதாரிக்குக் கம்பு. நிலத்தில் பாதியை வீணடிக்கிறீர்களே என்று அந்த ஆபீஸ்காரர் கேட்டதற்கு அத்தை சொன்ன பதிலை எங்கள் வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிப்போம்.

"வத்தல் விக்கதுக்கு, கம்பு திங்கதுக்கு சார். வெல இல்லன்னா வத்தலைத் தின்னுட்டா கெடக்க முடியும்?"

மழை ஏமாற்றிய ஒரு வருடம் மிளகாய் மட்டுமல்ல, ஊரே வத்தலாகக் காய்ந்தது. டவுனில் எங்கள் தெருவே ரேஷன் கடை வாசலில் பையைப் போட்டுவிட்டுக் காத்துக் கிடந்தது. பைகள் வரிசையில் நின்றன, அரிசிதான் வரவில்லை. அந்த வருடம் அத்தைக்கும் மிளகாய் போயிற்று. ஆனால் கம்பு நின்றது. ஒரு சாக்கில் எங்களுக்குக் கொஞ்சம், காம்பு கிள்ளும் பெண்களுக்குக் கொஞ்சம் என்று கொண்டுவந்து இறக்கினார்கள். கேலி செய்த சுப்பையா மாமா வீட்டு அடுப்பிலும் அந்தக் கம்புதான் கொதித்தது. மாமா அதைப் பற்றிப் பேசவே மாட்டார். சாப்பிடும்போது யார்தான் பேசுவார்கள்?

இனித் துண்டுக்கு வருகிறேன்.

எங்கள் மண்டியில் அப்போது விலை பேசுவது என்றால் வாயால் பேசுவது அல்ல. வெள்ளாமை செய்த சம்சாரி மூடையை அவிழ்த்துக் கொட்டுவார். தரகர் ஆறுமுகம் அண்ணாச்சி தோள் துண்டை எடுத்துத் தன் கையின்மேல் போட்டுக்கொள்வார். விருதுநகரிலிருந்து வரும் வியாபாரி அந்தத் துண்டுக்குள் கையை விடுவார். உள்ளே விரலை விரல் பிடிக்கும். இத்தனை விரலுக்கு இத்தனை ரூபாய் என்று அவர்களுக்குள் கணக்கு. முகத்தில் ஒன்றும் தெரியாது. அடுத்து இன்னொரு வியாபாரி, மறுபடி விரல். எல்லாம் முடிந்ததும் அண்ணாச்சி சம்சாரியிடம் வந்து, விலை இவ்வளவு என்பார். உள்ளே உண்மையில் எவ்வளவுக்கு விரல் மடங்கியது என்பது துண்டுக்குத்தான் வெளிச்சம். விதை போட்டவர், களை எடுத்தவர், காயப்போட்டவர் எல்லாம் ஓரமாக நின்று துண்டு அசைவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். சம்சாரி வீட்டில் வருடாவருடம் துண்டு விழுகிறது என்றால், அது விழுவது இந்தத் துண்டுக்குள்தான்.

தரகர் என்ற பெயரில் 'தர' இருக்கிறது, கையில்தான் இல்லை என்று நான் அண்ணாச்சியை நேராகவே கேலி செய்ததுண்டு. அவர் கெட்டவர் அல்லர். அவருடைய அப்பாவும் அப்படித்தான் விலை பேசினார். கைக்குப் பழகிப்போன வேலை.

நான் ஒன்பதாவது படித்த வருடம் அத்தையின் சரக்கும் சுப்பையா மாமாவின் சரக்கும் ஒரே நாளில் மண்டிக்கு வந்தன. பக்கத்துப் பக்கத்து நிலம். விதையும் அத்தை கொடுத்த விதை. மாமாவுக்கு ஒரு விலை சொன்னார்கள், அத்தைக்கு அதைவிடக் குறைத்துச் சொன்னார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "நெறம் கம்மி தாயி" என்றார் அண்ணாச்சி. முந்தின வருடமும் இதையேதான் சொன்னாராம். மாமா அன்று மாலையே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"பொம்பளை வெள்ளாமை அவ்வளவுதான் மதினி. நெலத்தை எங்கிட்ட விட்ருங்க. வத்தல் பறிக்க வாங்க, கூலி தாரேன்."

அத்தையின் நிலத்தில் அத்தைக்கே கூலி. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அத்தையோ, இந்தப் பருவத்தில் பறிக்கிற வத்தல் முழுவதும் விற்று முடியட்டும் என்றார்கள். உங்கள் சரக்குக்குக் கிடைக்கிற விலை என் சரக்குக்கும் கிடைக்காவிட்டால் அடுத்த விதைப்புக்கு நிலத்தை நீங்களே எடுத்துக்கொள்ளலாம் என்று வாக்கும் கொடுத்துவிட்டார்கள். அத்தை வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

அடுத்த சந்தை நாளில் நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் மண்டிக்குள் நுழைந்தேன். மூடைகளை அடையாளம் காண வாயில் ஒரு கிழிசலோ கயிறோ கட்டியிருப்பார்கள். அத்தைக்குப் பச்சைச் சேலைக் கிழிசல், மாமாவுக்குச் சணல் கயிறு. இரண்டையும் அவிழ்த்து மாற்றிக் கட்டிவிட்டு, நல்ல பிள்ளையாகப் பள்ளிக்கூடம் போய்விட்டேன். சாயங்காலம் வந்து கேட்டால், பச்சைக் கிழிசல் கட்டிய மாமாவின் வத்தலுக்கு நிறம் கம்மி என்று விலை குறைந்திருக்கிறது; சணல் கட்டிய அத்தையின் வத்தல் செக்கச்செவேல் என்று கூடுதலாகப் போயிருக்கிறது.

வீட்டில் நான் இதைச் சொல்லிவிட்டு உருண்டு உருண்டு சிரித்தேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். அத்தை அன்றே மாமாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிப் பணத்தைச் சரிசெய்துகொண்டார்கள். மாமா அசரவில்லை.

"அப்ப வெல சரக்குக்கு இல்ல, ஆளுக்கு. அதைத்தான மதினி நானும் சொல்லுதேன்? ஆளா நான் போறேன்."

தராசு தன் கையில் இருக்கிறது, துண்டு இல்லையே என்று அப்பா முனகினார். எடை சரியாக இருந்து என்ன, விலை கோணலாக இருந்தால்? அப்போது சும்மா இருக்க மாட்டாமல் நான் சொன்னேன்: "பேசாம நீங்களும் துண்டுக்குள்ள கையை விட்ருங்க அத்தை."

பெண்பிள்ளை பேசுகிற பேச்சா இது என்று அம்மா இரண்டாவது அடிக்குக் கை ஓங்கினாள். அன்னிய ஆண்பிள்ளையின் விரலைத் துணிக்குள் பிடிப்பதா! அத்தை புரையேறும்வரை சிரித்தார்கள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோது முகம் மாறியிருந்தது. நான் கேலியாகச் சொன்னதை அத்தை வேலையாக எடுத்துக்கொண்டார்கள் என்பது எனக்கு அடுத்த சந்தை நாளில்தான் தெரிந்தது.

அன்று சனிக்கிழமை, எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அத்தையின் வத்தல் குவியலுக்கு முன்னால் ஆறுமுகம் அண்ணாச்சி துண்டை விரித்தார். விருதுநகர் வியாபாரி கையை உள்ளே விட்டார். அத்தை ஓரடி முன்னால் வந்து, வளையல் இல்லாத வலக்கையைத் துண்டை நோக்கி நீட்டினார்கள்.

"என் சரக்குக்கு வெரல் பிடிக்கீக. என் வெரலையும் சேத்துப் பிடிங்க."

அண்ணாச்சி கொதிக்கிற சட்டியைத் தொட்டவர் போலக் கையை உருவினார். துண்டு கீழே விழுந்தது. வியாபாரி பின்னால் நகர்ந்து ஒரு மூடைமேல் உட்கார்ந்தேவிட்டார்.

"நான் பிள்ளகுட்டிக்காரன் தாயி" என்றார் பரிதாபமாக.

"நான் என்ன கல்யாணமா பேசுதேன்? வெலைதானய்யா கேக்குதேன். கை வேண்டாம்னா வாயால சொல்லுங்க."

முற்றத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். ஆனால் அன்றைக்கு வேடிக்கை அந்த அளவோடு சரி. வியாபாரி வாயால் சொல்லவில்லை. எழுந்து தட்டிவிட்டுக்கொண்டு அடுத்த குவியலுக்குப் போய்விட்டார். மற்றவர்களும் அத்தையின் சரக்கைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் வரை ஒருவரும் குனிந்து ஒரு வத்தலை எடுத்துப் பார்க்கவில்லை. கடை முதலாளி அப்பாவைக் கூப்பிட்டு, அக்காவின் சரக்கை மண்டியிலிருந்து அகற்றச் சொன்னார். அக்காவுக்குப் புத்தி சொல்ல முடியாவிட்டால் தராசுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

மூடைகளை எங்கள் வீட்டு முன்னறையில் அடுக்கினோம். வீடு முழுக்கத் தும்மல். விற்காத வத்தல் நாளாக ஆக வெளுக்கும். அப்புறம் நிஜமாகவே நிறம் கம்மியாகிவிடும். இந்தச் சரக்கோடு நிலமும் போகப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. என் குறும்பால்தான் இவ்வளவும் என்று தோன்றி நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து அம்மா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அத்தை மூடைமேல் சாய்ந்து உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு கைக்கே அந்த மனுசன் மூடைமேல உக்காந்துட்டான், பாத்தியாட்டி?" என்று என்னிடம் கேட்டார்கள். "நெறைய கை வந்தா எங்க போயி உக்காருவான்?"

அடுத்த சந்தைக்குள் அத்தை ஏறி இறங்காத டவுன் பஸ் இல்லை. திருவேங்கடம் பக்கம், மேலநீலிதநல்லூர் பக்கம், ராயகிரி வரை போனார்கள். எந்த ஊரிலும் ஆண்களிடம் பேசவில்லை. பருத்திக் காட்டிலும் குழாயடியிலும் பெண்களிடம்தான் பேசினார்கள். வரும் சந்தைக்கு வத்தலை நீங்கள் கொண்டுவாருங்கள், வீட்டுக்காரரை ஒரு நாள் வீட்டில் இருக்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான் கேட்டது. பல வீடுகளில் ஆண்களே சம்மதித்துவிட்டார்கள். துண்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை அவர்களுக்கும் இருந்தது, கேட்கத்தான் கூச்சம்.

அந்தச் சந்தை நாளை மண்டி மறக்காது. பஸ்ஸிலும் மாட்டுவண்டியிலும் தலைச்சுமையிலும் வத்தல் வந்தது. வந்தது முழுக்கப் பெண்கள். குவியலுக்கு ஒரு பெண். சுப்பையா மாமாவின் குவியலுக்கு முன்னால்கூட அவர் மனைவி இசக்கியம்மாள் நின்றாள். மாமாவிடம் கேட்டுவிட்டா வந்தாள் என்று அத்தை கேட்டதற்கு, "அவுக தூங்குதாக" என்றாள். காலனியிலிருந்து வருகிற சம்சாரிகளை அப்போது கடைக்குள் ஏற்ற மாட்டார்கள். அவர்கள் சரக்கு வாசலுக்கு வெளியேதான் கிடக்கும். அன்று அவர்கள் வீட்டுப் பெண்களும் வாசலில் வரிசையாக நின்றார்கள்.

ஆறுமுகம் அண்ணாச்சி முதல் குவியலுக்கு வந்து பழக்கத்தில் துண்டை விரித்தார். அந்தப் பெண் கையை நீட்டினாள். அவர் இரண்டாவதுக்குப் போனார். அங்கேயும் ஒரு கை. மூன்றாவதில் ஒரு கிழவி, இரண்டு கைகளையும் நீட்டி, "எந்தக் கை வேணும் ராசா?" என்றாள். அதற்கு மேல் அண்ணாச்சியால் முடியவில்லை. துண்டை விரிக்கவும் முடியாமல் மடிக்கவும் முடியாமல் நடுமுற்றத்தில் நின்றார். விருதுநகர் லாரி வெளியே காத்துக்கொண்டிருந்தது. வியாபாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடை முதலாளி கத்தத் தொடங்கினார்: இது மண்டியா, மகளிர் கல்லூரியா?

அப்போது தராசுப் பக்கமிருந்து அப்பாவின் குரல் கேட்டது. எடை போடுகிறவர்கள் நிறுத்த எடையை ராகம் போட்டுச் சத்தமாகச் சொல்வது எங்கள் மண்டி வழக்கம். எழுதுகிறவருக்கும் சம்சாரிக்கும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும் என்பதற்காக. அதைத் தவிர அப்பா அந்தக் கடையில் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. அன்று திறந்தார்.

"எடையைத் தெருவுக்கே கேக்கச் சொல்லுதோம் மொதலாளி. வெலையைச் சொல்ல என்ன வெக்கம்?"

முதலாளி அப்பாவையே பார்த்தார். அப்பா பார்வையைத் தாழ்த்தவில்லை. வேலை போயிற்று என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் முதலாளியும் ஒரு வியாபாரிதான். லாரி காலியாகத் திரும்பினால் யாருக்கு நஷ்டம் என்று அவருக்குத் தெரியாதா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆறுமுகம் அண்ணாச்சியிடம், "சொல்லித் தொலையும்வே" என்றார்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். அத்தனை வருடம் விரலால் பேசிய மனிதருக்கு வாயால் சொல்ல முதலில் சத்தமே வரவில்லை. விலை கேட்டுச் சத்தம் வந்ததும் முற்றம் அடங்கிப்போயிற்று. முதல் வியாபாரி ஒரு விலை சொன்னார். மூலையிலிருந்து இன்னொருவர் ஏற்றிச் சொன்னார். துண்டுக்குள் இருந்தவரை அடுத்தவர் விலை ஒருவருக்கும் தெரியாது. இப்போது காதில் விழுந்ததால் போட்டியும் வந்துவிட்டது. வாசலுக்கு வெளியே நின்ற காலனிப் பெண்களுக்கும் அது கேட்டது. ஆளைத்தான் வாசற்படி தடுக்கும். சத்தத்துக்கு ஏது படி? உள்ளே சொன்ன விலையை வெளியே மாற்றிச் சொல்ல அதற்குப் பிறகு யாராலும் முடியவில்லை.

எங்கள் வீட்டு முன்னறையிலிருந்த மூடைகளும் அன்று மண்டிக்குத் திரும்பின. அத்தையின் வத்தலுக்கும் இசக்கியம்மாள் கொண்டுவந்த வத்தலுக்கும் ஒரே விலை. நிலம் அத்தையிடமே இருந்தது. சுப்பையா மாமா அடுத்த ஐப்பசியில் அத்தையிடம் வந்து கம்பு விதை கேட்டார். மிளகாய்க்கு நடுவே போடத்தானாம். நாலு வரிசைதான் என்று கூச்சத்தோடு சொன்னார். அத்தை சிரிக்காமல் விதையை அளந்து போட்டார்கள்.

இதோடு நியாயம் முழுசாக வந்துவிட்டது என்று எழுதினால் அத்தை எழுந்து வந்து என் காதைத் திருகுவார்கள். வியாபாரிகள் சில வாரத்தில் டீக்கடையில் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு வரத் தொடங்கினார்கள். அத்தை என்ன செய்தார்கள் தெரியுமா? சந்தை நாள் காலையில் எங்கள் வீட்டுக் காப்பியை விட்டுவிட்டு அந்த டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள், துணைக்கு இசக்கியம்மாளையும் வைத்துக்கொண்டு. மாதிரி பார்க்கிறோம் என்று மண்டிக் கடைக்காரர்கள் மூடைக்கு மூடை கை நிறைய அள்ளிக் கடைக்குள் கொண்டுபோகிற வழக்கத்தைப் பற்றியும் கேட்டார்கள். அள்ளுவது பார்ப்பதற்கா, பொரிப்பதற்கா? இப்போது பார்த்த மாதிரியைப் பெரும்பாலும் திருப்பிப் போடுகிறார்கள். காலனிக்காரர்கள் சரக்கு இரண்டு வருடமாக உள்ளே கொட்டப்படுகிறது. அதற்கு இன்னும் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் சரக்கு உள்ளேதான் இருக்கிறது.

ஆறுமுகம் அண்ணாச்சிதான் அதிகம் கஷ்டப்பட்டவர். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது என்று அப்பாவிடம் புலம்புவார். அத்தை சந்தைதோறும் அவருக்குச் சுக்கும் கருப்பட்டியும் இடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். "நீங்களே கெடுத்துட்டு நீங்களே வைத்தியமும் பாக்கீகளா?" என்று கேட்டுக்கொண்டே வாங்கி வாயில் போட்டுக்கொள்வார்.

அத்தைக்கு முடிவு சட்டென்று வந்தது. கீதாரியிடம் இந்தக் கோடைக்கும் கிடை பேசி முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் சைக்கிள்களுக்கு நடுவே ஒரு விருதுநகர் வண்டியும் நின்றது. மூடைமேல் உட்கார்ந்த அதே வியாபாரி, மாலையோடு வந்திருந்தார். யாரும் கேட்காமலே என்னிடம், "தைரியமான மனுசி" என்றார். நிலம் என்ன ஆகும் என்று யாரோ மெதுவாகக் கேட்டது சுப்பையா மாமாவின் காதில் விழுந்தது. மாமா மனைவியைப் பார்த்தார். இசக்கியம்மாள் அழுதுகொண்டே, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அக்கா போட்ட மாதிரியே நான் போடுதேன். ஆட்டுக்கிடைக்கும் சொல்லியாச்சு."

எல்லாரும் வாய்க்கரிசி போட்டார்கள். நானும் போட்டேன். போட்டுவிட்டு, மிட்டாய்த் தாளில் சுற்றிய ஒரு வத்தலை அத்தையின் வலக்கைக்குள் வைத்து விரல்களை மூடினேன். அம்மா பார்த்தாள், திட்டவில்லை. போகிற இடத்திலும் யாராவது துணியைப் போட்டு விலை பேசினால் அத்தைக்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டாமா?

நேற்றுச் சந்தை நாள். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். ராயகிரிப் பக்கத்திலிருந்து என் வயதுப் பெண் ஒருத்தி முதல் முறையாக வத்தல் கொண்டுவந்திருந்தாள். பேச்சி அத்தை யார் என்று அவளுக்குத் தெரியாது. மூடையை அவிழ்த்துக் கொட்டிவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, மண்டி முழுக்கக் கேட்கிற குரலில், "என்ன வெல போகுது அண்ணாச்சி?" என்று கேட்டாள், இது என்றைக்கும் இப்படித்தான் நடந்தது என்பது போல.

ஆறுமுகம் அண்ணாச்சி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு கரகரத்த குரலில் விலையைச் சொன்னார். சொல்லிவிட்டுத் தோளிலிருந்து துண்டை எடுத்தார். அவள் அதைக் கவனிக்கவே இல்லை. துண்டு முகம் துடைக்க என்பதைத் தவிர அவளுக்கு வேறெதுவும் தெரியாது. அவர் முகத்தைத்தான் துடைத்துக்கொண்டார்.

போயிட்டு வாங்க அத்தை. இங்கன வெல நல்லாக் கேக்குது.